உப்பும் நஞ்சும் சிறுநீரகமும்

நாற்புறமும் உவர்நீர் சூழ்ந்த தீவகத்திலே பிறந்து வளர்ந்த நமக்கு உப்பின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் முன்னோர் வாக்கு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது நம் இல்லங்களிலே குழந்தைப் பருவந் தொட்டே ஊட்டப்படும் அறம். அத்துணைச் சிறப்புடைய உப்பைத்தான் இன்று வைத்தியர்கள் குறைக்கச் சொல்கிறார்கள். "பிரஷர் இருக்கிறது, உப்பைக் குறையுங்கள்" என்னும் சொல் அல்லைப்பிட்டியிலும் அயலூர்களிலும் முதியோர் உள்ள இல்லங்களிலே பழகிப்போன சொல்லாகிவிட்டது.

உப்புக்கும் குருதி அமுக்கத்துக்கும் என்ன தொடர்பு? அத்தொடர்பை உடம்பினுள்ளே இருந்து ஆளுவது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண உலகத்து அறிஞர் பல தலைமுறையாக உழைத்தனர். அவ்வுழைப்பின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். வரலாறு அறிந்து மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று. இவ்வரலாற்றின் முடிவிலே நம் சங்கத்து இளைஞருக்குரிய கடமை ஒன்றும் உளது. அதனை இறுதியிற் கூறுவேன்.

நாடி அறிந்தோம்

நம் பரம்பரை வைத்தியர்கள் கையைப் பிடித்து நாடி பார்த்தார்கள். அதன் நடையும் விரைவும் வலிவும் அவர்கள் விரல்களுக்குத் தெரிந்தன. ஆயினும் குருதி குழாய்ச் சுவரை எவ்வளவு விசையோடு தாக்குகிறது என்பதை எண்ணாற் கூற அவர்களிடம் கருவி இருக்கவில்லை. மேனாட்டு வைத்தியரிடத்தும் அன்று அக்கருவி இல்லை.

1836ஆம் ஆண்டிலே இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த றிச்சாட் பிறைற் என்பார் ஒரு புதுமையை எழுதி வைத்தார். சிறுநீரக நோயால் இறந்தோரின் உடலை அறுத்துப் பார்த்தபோது, பலரிடத்து இருதயமும் பருத்திருக்கக் கண்டார். சிறுநீரகம் பழுதுபட இருதயம் ஏன் பருக்க வேண்டும்? ஏதோ ஒரு தடையை எதிர்த்து அது மிகையாக உழைத்திருக்க வேண்டும் என அவர் ஐயுற்றார். அவ்வையம் நெடுங்காலம் ஐயமாகவே நின்றது.

அதற்குச் சில ஆண்டுகளின் பின், 1847இல், அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்து அவர் செய்த பணியை நாம் மறத்தலாகாது. சமயத்தால் அவர் வேறுபட்டவர். எனினும் நம் பிள்ளைகளுக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழிலே ஆக்குவித்தார். 1873இல் அவர் இந்நாட்டை விட்டுச் சென்றபோது, சிறுநீரகம் எங்கே உளது, எவ்வாறு அமைந்துளது என்பதை யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் தாய்மொழியிலே கற்றிருக்க முடிந்தது. ஆனால் அச்சிறுநீரகம் உடம்பிலிருந்து கழிவை அகற்றும் வடிகட்டி என்றே உலகம் முழுவதும் அன்று கருதியது. அஃது உடம்பு முழுவதையும் ஆளும் கட்டளைகளைப் பிறப்பிக்கும் அலுவலகமும் ஆகும் என்பதை அன்று எவரும் அறியார்.

1896இல் இத்தாலி நாட்டு இறிவா றொச்சி கையிலே பட்டி கட்டி அமுக்கத்தை அளக்கும் கருவியை வெளியிட்டார். 1905இல் உருசிய வைத்தியர் கொறொட்கோவ், பட்டியைத் தளர்த்தும்போது நாடியிலே எழும் ஓசையைக் கேட்டு இரு எண்களையும் குறிக்கும் முறையைக் கூறினார். இன்றும் 120 என்றும் 80 என்றும் நாம் கேட்கும் எண்கள் இவ்வழி வந்தவையே.

முயலின் சிறுநீரகம்

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையிலேதான் நம் கதையின் தலைவன் பிறந்தான். சுவீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்ரொக்கோமிலே, கறொலின்ஸ்கா நிறுவனத்துப் பேராசிரியர் றொபேட் திகர்ஸ்டெட் என்பாரும் அவர் மாணவர் பேர்க்மன் என்பாரும் முயலின் சிறுநீரகத்தை அரைத்துச் சாறு எடுத்தனர். அச்சாற்றை வேறொரு முயலின் குருதியிற் செலுத்தியபோது அதன் குருதி அமுக்கம் உயர்ந்தது. சாற்றைக் கொதிக்க வைத்தால் அவ்வாற்றல் அழிந்தது. சிறுநீரகத்தின் புறப்பகுதியிலே அப்பொருள் உளது, உட்பகுதியில் இல்லை என்பதையும் கண்டனர். அதற்கு றெனின் எனப் பெயரிட்டு 1898இல் தங்கள் முடிவை வெளியிட்டனர்.

இத்துணைப் பெரிய உண்மையை உலகம் எவ்வாறு வரவேற்றது? வரவேற்கவே இல்லை. திகர்ஸ்டெட் வேறு ஆய்வுகளிற் புகுந்தார். றெனின் என்னும் பெயர் நூலகத்து ஏடுகளுள்ளே உறங்கியது. உண்மை ஒன்று கண்டுபிடிக்கப்படுவது வேறு. அதனைக் கேட்கும் காது உலகிற்கு உண்டாவது வேறு.

முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தன. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து அறிஞர் ஹரி கோல்ட்பிளாற், சிறுநீரகத்துக்குக் குருதி கொண்டு செல்லும் நாடியைச் சிறு வெள்ளிக் கவ்வியால் நெருக்கி நாய்களிற் பரிசோதனை செய்தார். நாடியை முற்றாக அடைக்கவில்லை. ஓட்டத்தைக் குறைத்தார், அவ்வளவே. நாய்களின் குருதி அமுக்கம் உயர்ந்தது, உயர்ந்தபடியே நின்றது. 1934இல் அவர் இதனை வெளியிட்டதும், உறங்கிய றெனின் விழித்தெழுந்தது. பிறைற் கொண்ட ஐயம் தெளியத் தொடங்கியது.

இரு நாடுகள், ஒரு பெயர்

இதன்பின் தென்னமெரிக்காவிலே புவெனஸ் அயர்ஸ் நகரத்தில் பிரவுன் மெனெண்டெஸ் குழுவினரும், வடஅமெரிக்காவிலே இந்தியானாபொலிஸ் நகரத்தில் ஏர்வைன் பேஜ் குழுவினரும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாது, ஒரே உண்மையைக் கண்டனர். றெனின் தானே நாடியை நெருக்குவதில்லை. அது குருதியிலுள்ள ஒரு புரதத்தை வெட்டி வேறொரு பொருளைப் பிறப்பிக்கிறது. நாடியை நெருக்குவது அப்பொருளே. ஒரு குழுவினர் அதற்கு ஹைப்பர்தென்சின் எனவும், மறு குழுவினர் அஞ்சியோதோனின் எனவும் பெயரிட்டனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே பொருள் இரு பெயரோடு உலவியது. ஈற்றில் 1958இல் இருவரும் உடன்பட்டு, தத்தம் பெயரிற் பாதியை விட்டுக்கொடுத்து, அஞ்சியோதென்சின் எனப் பொதுப்பெயர் சூட்டினர். பெயர்ப்பலகைக்காகச் சங்கங்கள் இரண்டாகப் பிரியும் நம் நாட்டிலே இச்செய்தி நினைவில் வைக்கத் தக்கது.

1950களின் நடுவிலே ஸ்கெக்ஸ் என்பாரும் அவர் தோழரும் அஞ்சியோதென்சின் இரு வகைப்படும் என்றும், பத்துக் கண்ணிகளுடைய முதல் வகையை எட்டுக் கண்ணிகளுடைய இரண்டாம் வகையாக மாற்றுவதற்கு ஒரு நொதியம் உளது என்றும் காட்டினர். மாற்றும் நொதியம் என்னும் இப்பெயரை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் வரும் கதை இதனைப் பற்றியதே.

உடம்பின் சிக்கனம்

நிற்க. இவ்வமைப்பு நம் உடம்பிலே எதற்காக உளது? நம்மைக் கொல்வதற்காகவா? அன்று. நம்மைக் காப்பதற்காகவே.

கடலிலே தொழிலுக்குச் சென்ற ஒருவரை நினைத்துப் பாருங்கள். உச்சி வெயில், கொண்டு சென்ற குடிநீர் முடிந்துவிட்டது, வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. குருதியின் அளவு குறைகிறது, அமுக்கம் தாழ்கிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய நாடிச் சுவர்களிலே காவலிருக்கும் கலங்கள் இதனை உணர்ந்து றெனினை விடுகின்றன. ஈரல் ஆக்கி அனுப்பிய புரதத்தை றெனின் வெட்டுகிறது. நுரையீரலின் குருதிக் குழாய்களிலே நிறைந்திருக்கும் மாற்றும் நொதியம் அதனை இரண்டாம் அஞ்சியோதென்சினாக ஆக்குகிறது. அப்பொருள் நாடிகளை நெருக்கி அமுக்கத்தை நிறுத்துகிறது, தாகத்தை எழுப்புகிறது, சிறுநீரகத்தின் மேலே தொப்பி போல அமைந்துள்ள சுரப்பியைத் தூண்டி அல்டோஸ்தெரோன் என்னும் ஓமோனை விடச் செய்கிறது. அந்த ஓமோன், உப்பை வெளியே விடாதே, சேமித்து வை எனச் சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுகிறது. உப்பு நின்ற இடத்தில் நீரும் நிற்கும். அம்மனிதர் உயிரோடு கரை சேர்கிறார்.

வாந்திபேதியாலும் குருதிப்போக்காலும் வாடியவரை வைத்தியர் வரும்வரை தாங்கிப் பிடிப்பதும் இவ்வமைப்பே. உப்பு அரிதாயிருந்த காலத்து மனிதனுக்கு இறைவன் அருளிய சிக்கனப் பெட்டி இது எனலாம்.

இன்றோ உப்பு அரிதன்று. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியவை நம் பழைய உறவினர். அவற்றோடு கடையில் வாங்கும் மிக்சரும், ரின்மீனும், உறையிலிட்ட நூடில்சும் வந்து சேர்ந்தன. தீவகத்துக் கிணறுகள் பலவற்றின் நீரும் உவர். உப்பு மிகுந்தால் றெனின் குறைய வேண்டும் என்பது உடம்பின் விதி. ஆயினும் சிலரிடத்து அது போதிய அளவு குறைவதில்லை. வேறு சிலரிடத்து, சிறப்பாக முதியோரிடத்து, றெனின் குறைந்தும் சிறுநீரகம் மிகை உப்பை எளிதில் அகற்ற மாட்டாது தளர்கிறது. அமுக்கம் உயர்கிறது. உயர்ந்த அமுக்கம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. கெட்ட சிறுநீரகம் அமுக்கத்தை மேலும் உயர்த்துகிறது. இருதயம் பருக்கிறது, மூளைக்குச் செல்லும் நாடி அடைபட்டோ வெடித்தோ பக்கவாதம் உண்டாகிறது. நீரிழிவு உள்ளவருக்கு இக்கேடு இரட்டிப்பாகும்.

இத்தனையும் நடக்கும்போது நோயாளிக்குப் பெரும்பாலும் வலியில்லை, தலைச்சுற்றில்லை, யாதொரு குறியுமில்லை. இந்நோயின் வஞ்சகம் இதுவே.

மருந்தில்லாக் காலம்

1945ஆம் ஆண்டு ஏப்ரில் 12ஆம் நாள் அமெரிக்க சனாதிபதி றூஸ்வெல்ற் மூளையிற் குருதிபெருகி இறந்தார். அன்று அவருடைய மேல் எண் 300ஐ எட்டியிருந்தது. உலகப் போரை நடத்திய வல்லரசின் தலைவருக்குக்கூட அந்நாளில் உதவக்கூடிய மருந்து இருக்கவில்லை. அக்காலத்திலே கெம்ப்னர் என்னும் வைத்தியர் அமெரிக்காவில் உப்பு நீங்கிய சோறும் பழமும் கொடுத்துக் கடுமையான நோயாளிகள் பலரைத் தேற்றினார். சோழநாட்டிலே கும்பகோணத்துக்கு அருகில் உப்பிலியப்பன் சந்நிதியில் நைவேத்தியம் முழுவதும் உப்பின்றியே படைக்கப்படுவதை நம் யாத்திரிகர் அறிவர். பெருமாள் விரும்பி ஏற்கும் உணவை மனிதர் பலர் ஏற்கவில்லை. சுவையற்ற அவ்வுணவை நாள்தோறும் உண்ண மாட்டாது பலர் கைவிட்டனர்.

முதற் கைகொடுத்தது நம் பாரத நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தி. 1931இல் டில்லியிலே சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதன் வேரிலிருந்து சில பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1949இல் பம்பாயைச் சேர்ந்த வைத்தியர் றுஸ்தம் ஜால் வக்கீல் அவ்வேர் குருதி அமுக்கத்தைத் தாழ்த்தும் என்பதை ஆங்கில வைத்திய ஏட்டிலே ஆதாரத்தோடு எழுதினார். 1952இல் சுவிற்சலாந்திலே அதன் சாரமாகிய றெசெர்ப்பின் பிரிக்கப்பட்டது. அம்மருந்து நரம்பின் வழியே வேலை செய்தது. சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கியமையால் நாளடைவில் அதன் ஆட்சி குன்றியது. சிறுநீரகத்தின் கட்டளைத் தொடரையே இடைமறிக்கும் மருந்து இன்னும் தோன்றவில்லை.

நஞ்சு மருந்தானது

அம்மருந்து தோன்றிய இடம் வியப்பானது. பிரேசில் நாட்டு வாழைத் தோட்டங்களிலும் காடுகளிலும் ஜரரக்கா என்னும் பாம்பு உளது. நாம் புடையன் என்று அஞ்சும் பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அது தீண்டியவருக்குக் குருதி அமுக்கம் திடீரெனத் தாழும். காரணத்தைத் தேடிய பிரேசில் அறிஞர் செர்ஜியோ பெரெய்ரா, நாடிகளை விரிக்கும் பிரடிகைனின் என்னும் பொருளை அழியவிடாது காக்கும் ஒரு பகுதி அந்நஞ்சில் உளது என்பதை 1965இல் வெளியிட்டார். அதனை எடுத்துக்கொண்டு இலண்டனிலே ஜோன் வேன் என்பாரின் ஆய்வுகூடத்துக்குச் சென்றார். 1968இல் அங்கே பக்ளே என்பார் அந்நஞ்சுப் பகுதியைச் சோதித்து, அது மாற்றும் நொதியத்தைத் தடுக்கிறது எனக் காட்டினார். பிரடிகைனினை அழிப்பதும் அஞ்சியோதென்சினை ஆக்குவதும் ஒரே நொதியமே என்பதும் தெளிவாயிற்று.

அமெரிக்காவில் ஸ்குயிப் நிறுவனத்து அறிஞர் கஷ்மனும் ஒண்டெற்றியும் நஞ்சின் மாதிரியைப் பார்த்து, வாயால் விழுங்கத்தக்க சிறு மருந்தொன்றை ஆக்கினர். அதுவே கப்ரோபிறில். 1977இல் அதனை உலகறியச் செய்தனர். 1981இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இன்று நம் முதியோர் விழுங்கும் எனலாபிறில் அதன் தம்பி. பின்னர், நொதியத்தைத் தடுக்காது, அஞ்சியோதென்சின் சென்று தட்டும் கதவையே அடைக்கும் லொசாட்டன் 1995இல் வழக்கிற்கு வந்தது. சிலருக்கு எனலாபிறில் வறட்டு இருமலைத் தருவதும், லொசாட்டன் பெரும்பாலும் தராததும், பிரடிகைனின் தேங்குவதும் தேங்காததும் பற்றியே.

நயினை நாகபூசணி அம்மையைத் தொழும் தீவகத்தாருக்கு இக்கதை அந்நியமன்று. ஆலகாலத்தைக் கண்டத்தில் நிறுத்திய பெருமானின் அடியார் நாம். நஞ்சையும் அளவறிந்து நிறுத்தினால் அஃது உயிர்காக்கும் என்பதை வைத்தியர் இன்று மெய்ப்பித்துள்ளனர்.

நம் மண்ணிலே

இம்மருந்துகள் அமுக்கத்தைத் தாழ்த்துவதோடு அமைவதில்லை. நீரிழிவாளரின் சிறுநீரகத்தைக் கப்ரோபிறில் காக்கும் என்பது 1993இல் நிறுவப்பட்டது. கேரளத்திலே பிறந்த வைத்தியர் சலீம் யூசுப் தலைமையில் ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் செய்த ஆய்வொன்று, அவ்வினத்து றமிப்பிறில் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கிறது என 2000ஆம் ஆண்டிலே காட்டியது.

இலங்கையும் இவ்வரலாற்றிலே தன் பெயரைப் பொறித்துள்ளது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் இந்நாட்டின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினருக்கு, அஞ்சியோதென்சினின் கதவை அடைக்கும் மருந்தோடு வேறு இரு மருந்துகளையும் சிறிய அளவிற் சேர்த்த ஒரே குளிசை கொடுக்கப்பட்டது. மறு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தில் ஒரே குளிசை எடுத்தோரில் நூற்றுக்கு 70 பேர் வேண்டிய அளவை அடைந்தனர். மற்றையோரில் 55 பேரே அடைந்தனர். 2018இல் இது வெளியாகி உலகத்தின் கவனத்தைப் பெற்றது.

2020இல் வெளியான மற்றோர் ஆய்வு வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் நடந்தது. சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சென்று அமுக்கத்தை அளந்து, ஆலோசனை கூறி, வேண்டியவரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டு ஆண்டில் அக்கிராமங்களில் மேல் எண் சராசரி 9 அளவு தாழ்ந்தது. ஏனைய கிராமங்களில் ஏறத்தாழ 4 அளவே தாழ்ந்தது. புதிய மருந்து ஒன்றும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. வாசலிற் சென்று கேட்க ஒருவர் இருந்தார், அவ்வளவே வேற்றுமை.

இளைஞர் கடமை

முதலிலே வாக்களித்த கடமைக்கு இப்பொழுது வருகிறேன். திகர்ஸ்டெட்டின் உண்மை முப்பத்தாறு ஆண்டுகள் ஏட்டிலே உறங்கியது. அதனால் இழப்பு எவ்வளவு என்று கணக்கிடுவார் இல்லை. இன்று உண்மை வெளிப்பட்டுவிட்டது, மருந்து வந்துவிட்டது, அரசாங்க வைத்தியசாலையிலே அது பணமின்றியும் கிடைக்கிறது. ஆயினும் ஒரு முதியவர், இப்போது சுகமாக இருக்கிறேன் என்று குளிசையை நிறுத்துவாராயின், அவருடைய இல்லத்தைப் பொறுத்தவரை அவ்வுண்மை மறுபடியும் உறங்கிவிட்டது. சுகமாயிருப்பது குளிசையினால் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

2020இல் கொரோனா பரவியபோது, அக்கிருமி உடம்பினுட் புகும் வாயில் இவ்வமைப்பைச் சேர்ந்த மற்றொரு நொதியம் என்று தெரிந்ததும், இக்குளிசைகளை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு உலகெங்கும் எழுந்தது. ஆராய்ந்தபோது நிறுத்தத் தேவையில்லை என்றே கண்டனர். செவிவழிச் செய்தியைக் கேட்டு மருந்தை நிறுத்தலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

மருந்தைப் பற்றிச் சில எச்சரிக்கைகளும் உள. கருவுற்ற பெண்கள் இவ்வினத்து மருந்தை எடுத்தலாகாது. வாந்திபேதி கண்ட நாட்களில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். உடம்பு தன் சிக்கனப் பெட்டியைத் திறக்க வேண்டிய வேளை அது. சிறுநீரகம் தளர்ந்தவர் இம்மருந்தோடு இளநீரை மிகுதியாகப் பருகின் குருதியிலே பொற்றாசியம் ஏறக்கூடும். மூட்டு நோவுக்குக் கடையிலே தாமாக வாங்கி விழுங்கும் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் பகையாகலாம். இருமல் வந்தால் மருந்தை நிறுத்தாது வைத்தியரிடம் சொல்லுக, மாற்று உளது.

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. அஃது ஒரு தேக்கரண்டி அளவு. கருவாட்டை நீரில் ஊறவைத்துக் கழுவுதலும், கருவாட்டுக் கறி ஆக்கிய நாளில் ஊறுகாயை விலக்குதலும் நம் தாய்மாருக்கு அரிய செயல்களல்ல.

அமுக்கம் அளக்கும் கருவி ஒன்று இன்று பெருஞ் செலவுடையதன்று. சங்கம் அதனை வாங்கி, பயிற்சி பெற்ற இளைஞர் இருவரை அமர்த்தி, மாதம் ஒரு முறை கோயிற் பூசை முடிந்து வரும் முதியோரை இருத்தி அளந்து ஒரு கொப்பியிலே எழுதி வைக்கலாம். எண் உயர்ந்தவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லலாம். நடக்க இயலாதவரை அவர் வீட்டுத் திண்ணையிலேயே சென்று காணலாம். சைவத் தொண்டு கோயில் வீதியோடு முடிவதன்று. உடம்பை இறைவன் உறையும் கோயிலெனக் கண்ட திருமூலரின் வழிவந்தோர் நாம். அக்கோயிலின் சுவர் வெடிக்கும் வரை காத்திராது, விரிசல் காணும்போதே திருப்பணி தொடங்குவது அறிவுடைமை.

அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது அக்கொப்பியின் பக்கங்கள் நிறைந்திருக்கத் திருவருள் துணைசெய்வதாக.